போகிற கம்பெனிக்கு என்ன விலை?

"சங்கம் வைத்தால் கம்பெனி ஓடிவிடும்." பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால் எந்த டீக்கடையிலும் இந்தக் கருத்து இலவசமாகக் கிடைக்கும். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான் ஓடியது. 37 நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில், "பாத்துக்கிட்டே இருங்க, வியட்நாமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று காலையிலேயே யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். "ஏம்ப்பா, நீ பெர்சனல் டிபார்ட்மென்ட்லதானே குப்பை கொட்டுன, நீயே சொல்லு" என்று சித்தப்பா என்னை இழுத்துவிட்டார். நான் பதில் போடவில்லை. முழுப் பொய் என்றால் ஒரே வரியில் மறுத்திருக்கலாம். முழு உண்மை என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டும் இல்லை என்பதுதான் தொல்லை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வருஷக் கணக்கில் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதியவன் நான். கம்பெனிகள் போவதையும் பார்த்திருக்கிறேன், போகப்போவதாகச் சொல்லியே பத்து வருஷம் ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் கடைசியில் நோக்கியாவில்தான் போய் முட்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் ஓட ஆரம்பித்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. சங்கம்தான் காரணம் என்று ஒரு கட்சி, வரி வழக்குதான் காரணம் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஸ்ரீபெரும்புதூரை மட்டும் பார்த்துப் பேசுகின்றன. அதே கம்பெனி 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் நகர ஆலையை மூடுவதாக அறிவித்தது. அங்கே கூலி கட்டுப்படியாகவில்லை, ருமேனியாவின் க்லூஜ் பக்கம் போகிறோம் என்றார்கள். போனார்கள். 2011 செப்டம்பரில் க்லூஜ் ஆலையையும் மூடுவதாக அறிவித்தார்கள். நாலு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. ருமேனியக் கூலி ஜெர்மன் கூலியில் ஒரு துண்டுதான். அதுவும் அதிகமா? அங்கே சொன்ன காரணம் வேறு: உற்பத்தியை ஆசியாவுக்குக் கொண்டுபோகிறோம். அந்த ஆசியாவில்தான் நாம் இருந்தோம். மூன்று வருஷம் கழித்து நமக்கும் அதே கதி.

போஹும்காரர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்திருந்தால் ஆலை நின்றிருக்குமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கிட்டத்தட்ட அதே சோதனையை, அதே கைப்பேசித் தொழிலில், போஹுமிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த கம்ப்-லின்ட்ஃபோர்ட் என்ற சிறு நகரம் நாலு வருஷம் முன்னாடியே செய்து பார்த்துவிட்டது.

கம்ப்-லின்ட்ஃபோர்ட்டின் 40 மணி நேரம்

ஜெர்மனியில் சம்பளம் பேசும் முறை நம் முறை அல்ல. இங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் சங்கத்தோடு தனித்தனியாக ஒப்பந்தம் போடும். பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு ஒன்று. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தானால் 12(3), இரு தரப்பும் தாங்களே பேசி முடித்தால் 18(1) என்று பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்தே சொல்லிவந்தோம். அங்கே உலோகத் தொழில் முழுவதற்கும், வட்டாரம் வட்டாரமாக, ஐஜி மெட்டால் சங்கமும் முதலாளிகள் கூட்டமைப்பும் பேசி ஒரே சம்பள அட்டவணை போடுவார்கள். ஆலைக்குள் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. ஷிஃப்ட், ஓவர்டைம், ஆள்குறைப்பு என்று அதற்குப் பெரிய அதிகாரம் இருந்தாலும், வட்டார ஒப்பந்தம் தீர்மானித்த சம்பளத்தில் அது கை வைக்கச் சட்டம் விடாது. இந்தப் பிரிவினையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு ஆலையின் முதலாளி "நான் போய்விடுவேன்" என்று மிரட்டினால், மிரட்டலுக்கு ஆளாகிறவர்களிடம் விட்டுக்கொடுக்கச் சம்பளம் இல்லை. சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் வேறு கட்டடத்தில் இருக்கிறார்கள்.

பெர்லின் சுவர் விழுந்து, செக், ஹங்கேரி, போலந்து எல்லாம் லாரி போகிற தூரத்துக்கு வந்தபிறகு இந்தச் சூட்சுமம் தேய ஆரம்பித்தது. 1996-இல் ஃபீஸ்மன் என்ற கொதிகலன் கம்பெனி செக் நாட்டுக்குப் போவோம் என்று சொல்லியே ஆலைக் குழுவிடம் வாரம் மூன்று மணி நேரம் கூலியில்லாத வேலைக்குச் சம்மதம் வாங்கியது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆனால் ஊழியர்களே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பிறகு கோர்ட்டில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? 2004 பிப்ரவரியில் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் போட்ட ஒப்பந்தத்தில் ஐஜி மெட்டாலே ஒரு கதவைத் திறந்துவைத்தது: வேலையைக் காப்பாற்றவோ முதலீட்டைக் கொண்டுவரவோ அவசியம் என்றால், சங்கத்தின் சம்மதத்தோடு, ஒரு ஆலை மட்டும் வட்டார ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். முறை உடையவில்லை, வளைந்தது என்று அன்று பலரும் பாராட்டினார்கள். நானும் பாதி பாராட்டுவேன். விலகுவதற்கு முன் கணக்கைத் திறந்து காட்டு என்று சங்கம் கேட்க முடிந்தது அல்லவா?

அந்தக் கதவு வழியாக முதலில் வந்த பெரிய விருந்தாளிகளில் ஒருவர் சீமென்ஸ். கம்ப்-லின்ட்ஃபோர்ட், போஹோல்ட் இரண்டு ஊர்களிலும் இருந்த போன் ஆலைகளின் சுமார் 2,000 வேலைகளை ஹங்கேரிக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். 2004 ஜூனில் ஒப்பந்தம் ஆனது. வாரம் 35 மணி நேரம் 40 ஆயிற்று, சம்பளம் ஏறவில்லை. கணக்குப் போட்டால் மணிக்கூலியில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. கிறிஸ்துமஸ் பணமும் விடுமுறைப் பணமும் போய், லாபத்தைப் பொறுத்த ஏதோ ஒரு தொகை வந்தது. பதிலுக்குக் கிடைத்தது இரண்டு வருஷ வேலை உத்தரவாதம். 35 மணி நேர வாரத்துக்காக அந்தச் சங்கம் 1984-இல் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்து, 1995-இல்தான் முழுதாக அடைந்தது என்பதை நினைத்தால், கையெழுத்துப் போட்டவர் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

அடுத்த வருஷமே சீமென்ஸ் தன் கைப்பேசிப் பிரிவை தைவானின் பென்க்யூவிடம் ஒப்படைத்துவிட்டது. 2006 செப்டம்பர் கடைசியில், உத்தரவாதத்தின் மை காய்ந்து இரண்டு வருஷம் கொஞ்சம் கடந்த நிலையில், பென்க்யூவின் ஜெர்மன் கம்பெனி திவாலுக்கு விண்ணப்பித்தது. சுமார் 3,000 பேர் தெருவில். அந்தக் கைப்பேசிகள் சந்தையில் விலைபோகவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கூலி என்ன செய்யும்? 35 மணி நேரம் வேலை செய்தாலும் 40 மணி நேரம் வேலை செய்தாலும், யாரும் வாங்காத போன் யாரும் வாங்காத போன்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ விட்டுக்கொடுப்பதே வீண்" என்று முடிவு கட்டினால் அதுவும் சரியில்லை. அதே 2004 கோடையில் ஜெர்மனியின் சின்டல்ஃபிங்கனில், மெர்சிடிஸ் கார் செய்யும் டெய்ம்லர்கிரைஸ்லர், சி-கிளாஸ் காரை பிரேமனுக்கும் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனுக்கும் கொண்டுபோவதாகச் சொல்லி வருஷத்துக்கு 50 கோடி யூரோ மிச்சம் கேட்டது. அந்த வட்டாரத் தொழிலாளர்களுக்கு 1973 ஒப்பந்தம் வாங்கித் தந்த, மணிக்கு ஐந்து நிமிஷ ஓய்வுகூட நிர்வாகத்தின் கண்ணில் உறுத்தியது. பெரிய ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு உடன்பாடு வந்தது. 2012 வரை வேலை உத்தரவாதம். 2009 டிசம்பரில் சி-கிளாஸை அமெரிக்காவின் டஸ்கலூசாவுக்கும் பிரேமனுக்கும் மாற்றுவதாகக் கம்பெனி மறுபடி அறிவித்தது. மறுபடி ஆர்ப்பாட்டம், மறுபடி உத்தரவாதம், இந்த முறை 2019 வரை. அந்தக் கார் போயிற்று, ஆலை இருக்கிறது. ஆக, விட்டுக்கொடுத்த சம்பளம் வாங்கித் தருவது ஒரு தேதியை. அந்தத் தேதிக்குள் ஆலைக்கு அடுத்த மாடல் வந்துவிட்டால் பிழைக்கலாம். வராவிட்டால், தேதி வந்துவிடும்.

வியட்நாம் ஸ்லைடு

இப்போது நான் உட்கார்ந்த மேசைக்கு வருகிறேன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்து, சங்கம் கோரிக்கைப் பட்டியல் கொடுத்து, பேச்சு ஆறேழு மாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, கேன்டீன், கம்பெனி பஸ் ரூட், இன்சென்டிவ் என்று எல்லாம் பேசியாயிற்று. நிர்வாகம் சொன்ன தொகைக்கும் சங்கம் கேட்ட தொகைக்கும் நடுவில் மாசம் சில ஆயிரம் இடைவெளி. அன்றைக்கு ஃபைனான்ஸ் தலைவர் லேப்டாப்போடு வந்தார். திரையில் ஒரே ஒரு ஸ்லைடு: இடப்பக்கம் நம் ஆலையின் ஒரு பீஸ் தயாரிப்புச் செலவு, வலப்பக்கம் வியட்நாமில் எங்கள் குழுமத்துக்கே இருக்கும் இன்னொரு ஆலையின் செலவு. நடுவில் சிவப்பு அம்புக்குறி. "நாங்க எதுவும் சொல்லல, டேட்டாவ மட்டும் காட்றோம்" என்றார். இந்த வாக்கியத்தை மினிட்ஸில் எழுத வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் ஜாடை வேறு.

சங்கப் பக்கம் ஆறு பேர். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக நடப்பது இரண்டு: யாராவது எழுந்து கத்துவார்கள், அல்லது கேட்ட தொகை மெதுவாகக் கீழே இறங்கும். செயலாளர் டூல் ரூமில் வேலை பார்ப்பவர், ஐம்பதை நெருங்குபவர், அதிகம் பேசாதவர். தட்டிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சார், பீஸ் செலவு சரி. இங்க இருக்கற மெஷினக் கழட்டி, அங்க கொண்டுபோய் மாட்டி, ட்ரையல் ஓட்டி, கஸ்டமர்கிட்ட அப்ரூவல் வாங்கற வரைக்கும் என்ன செலவு? எத்தன மாசம்? அந்த ஸ்லைடு இருக்கா?"

ஃபைனான்ஸ் தலைவர், "அது இப்போ சப்ஜெக்ட் இல்லையே" என்றார்.

"அப்போ இதுவும் சப்ஜெக்ட் இல்ல சார். ஆஃப் பண்ணிடலாமே."

ஆஃப் பண்ணினார்கள். ஒப்பந்தம் பிறகு எப்படியோ நடுவில் ஒரு தொகைக்கு முடிந்தது. எல்லா ஒப்பந்தமும் அப்படித்தானே முடியும். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்வி. ஏனென்றால் அவர் கேட்ட அந்த இன்னொரு கணக்கு இருந்தது. தலைமையகம் கேட்டிருந்ததால் போட்டு வைத்திருந்தார்கள், ஆள் விவரம் கொடுத்தவன் நான். கழற்றுவது, பெட்டி கட்டுவது, கப்பல், புது இடத்தில் அடித்தளம், கஸ்டமர் தணிக்கை, இடைப்பட்ட மாசங்களுக்கு முன்கூட்டியே செய்து வைக்கும் சரக்கு என்று வரிசையாகப் போகும். அந்தப் பட்டியலின் அடியில் தொழிலாளர் இழப்பீடு என்று ஒரு வரி. மெஷின்களைக் கழற்றிப் பெட்டி கட்டும் வரியைவிட அது சின்னத் தொகை. கேட்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. ஆலையில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ். அவர்களுக்கு அந்த வரியில் இடமே இல்லை. நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொடுக்கச் சொல்வது, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம்.

15 நாளும் 1.8 மாசமும்

நியூரம்பர்கில் ஏஇஜி வாஷிங் மெஷின் ஆலை இருந்தது. உரிமையாளரான எலெக்ட்ரோலக்ஸ் 2005 டிசம்பரில் அதை மூடி போலந்துக்குக் கொண்டுபோவதாக முடிவெடுத்தது. தொழிலாளர்கள் செலவுக் குறைப்புக்குத் தயார் என்று முன்னமே சொல்லிப் பார்த்தும் பலனில்லை. 2006 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு வாரம். அந்தப் போராட்டத்தில் ஐஜி மெட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. போகிறாயா, போ, ஆனால் போவதற்கு இவ்வளவு ஆகும் என்று விலையைப் பேசியது. முடிவில் பணிபுரிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 1.8 மாசச் சம்பளம். அடுத்த வருஷம் ஜெர்மன் உச்ச தொழிலாளர் நீதிமன்றம், ஆலையை இடம் மாற்றும்போது இப்படி விலை கேட்டு வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி சரிதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. 2008-இல் போஹும் நோக்கியாவில் சுமார் 2,300 பேருக்கு 20 கோடி யூரோ ஏற்பாடு ஆனது இந்தப் பின்னணியில்தான். போதாததற்கு, தான் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கொடு என்று மாநில அரசும் கம்பெனியைத் துரத்தியது.

என் கணிப்பில், வெளிநாட்டுக்குப் போகும் மிரட்டலுக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை கண்டுபிடித்த உருப்படியான ஒரே பதில் இதுதான்: பேசும் பொருளை மாற்றுவது. கூலியில் போட்டி போட்டால் உலகத்தில் எங்காவது ஒரு க்லூஜ் இருந்தே தீரும். ஒரு இடத்தை விட்டுப் போகும் செலவில் அப்படி அல்ல, அது அந்த இடத்துக்காரர்கள் கையில் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனில் இது இன்னும் ஒரு படி மேலே. அந்தக் கம்பெனிக்கென்றே இருக்கும் தனிச் சட்டப்படி, ஆலை தொடங்கவோ இடம் மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், குழுவில் பாதி இடம் தொழிலாளர்களுடையது. 2024 கடைசியில் ஜெர்மன் ஆலைகளை மூடும் பேச்சு எழுந்தபோது, முடிவில் வந்தது 2030-க்குள் 35,000 வேலைக் குறைப்பும், கட்டாய வெளியேற்றம் இல்லை என்ற உறுதியும். நல்ல ஒப்பந்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒரு இரவில் பூட்டுப் போட முடியவில்லை.

நம்மிடம் விலை என்று ஒன்று இல்லாமலே இல்லை. அது சுற்றிவளைத்து வருகிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும் என்பது பழைய சட்டம். அனுமதி எளிதில் கிடைக்காது என்பதால் கம்பெனிகள் விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு, என்று பெயர் வைத்து, சட்டம் சொல்லும் 15 நாளைவிட அதிகம் கொடுத்து, தொழிலாளர்களையே ராஜினாமா எழுத வைக்கும். நோக்கியாவில் 2014-இல் அதுதான் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் வாங்கிக்கொண்டு போனார்கள். மறைமலைநகர் ஃபோர்டில் 2022-இல் சுமார் 2,600 பேர் உள்ளிருப்பு, வேலைநிறுத்தம் என்று மல்லுக்கட்டி, ஒரு வருஷ சர்வீஸுக்கு நூறு நாள் சம்பளத்துக்கும் மேல் என்ற அளவுக்குத் தொகையை ஏற்றினார்கள். அது சின்ன விஷயமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் பேச்சு தொடங்கியது கம்பெனி போவது உறுதியான பிறகு. அதற்கு முன் போட்ட ஒப்பந்தம் எதிலும் அந்த விலை பேசப்படவில்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அந்த 100 இப்போது 300 ஆகிவிட்டது. ஒரகடத்தின் உதிரிபாக ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளர் கணக்கை எடுத்துப் பாருங்கள், எத்தனை ஆலை 300-ஐத் தாண்டும்? கான்ட்ராக்டும் ட்ரெய்னியும் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைக்கிறோம். போகும்போது ஆகும் செலவை, வரும்போதே குறைத்து வைப்பதும் அதுதான்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை நானே என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். போவதற்கு விலை வைத்தால் வருகிறவன் யோசிப்பான். நியாயம்தான். பக்கத்து மாநிலம் சிவப்புக் கம்பளத்தோடு நிற்கிறது. ஆனால் வருகிறவனுக்கு நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று தொழில் துறை ஒரு பக்கம் ஒப்பந்தம் போடுகிறது. அதே கம்பெனியின் சம்பளத் தகராறில் தொழிலாளர் துறை இன்னொரு பக்கம் சமரசம் பேசுகிறது. இந்த இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வந்து நான் பார்த்ததில்லை. சலுகையின் காலம் முடிகிற தேதியும் சம்பள ஒப்பந்தம் முடிகிற தேதியும் தெரிந்தால் ஒரு சங்கம் எவ்வளவோ தெளிவாகப் பேசலாம்.

அப்புறம், உற்பத்தி போய்ச் சேர்கிற ஊரும் சும்மா இருப்பதில்லை. ஹங்கேரியின் க்யோர் நகர அவுடி ஆலையில் 2019 ஜனவரியில் தொழிலாளர்கள் 18 சதவீத உயர்வு கேட்டு ஒரு வாரம் வேலையை நிறுத்தினார்கள். என்ஜின் வராமல் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் லைன் நின்றது. கேட்டதைப் பெற்றார்கள். ஒரு காலத்தில் ஜெர்மன்காரர்களுக்குக் காட்டி மிரட்டிய நாடு அது. சுங்குவார்சத்திரமும் யாரோ ஒரு ஊர்க்காரர்களின் ஸ்லைடில் வலப்பக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஒரகடம் கம்பெனியில் அடுத்த ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியல் வந்தபோது கடைசிப் பக்கத்தில் புதிதாக இரண்டு வரி இருந்தது. எந்த லைனை வேறு ஆலைக்கு மாற்றினாலும் பாதிக்கப்படும் எல்லோருக்கும், கான்ட்ராக்ட் உட்பட, வருஷத்துக்கு 60 நாள் சம்பளம். ஆறு மாசம் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு. முதல் வரியை நிர்வாகம் தொடக்கூட விடவில்லை. சம்பள உயர்வில் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து அதை வாபஸ் வாங்க வைத்தார்கள். இரண்டாவது வரி தப்பிவிட்டது, வெறும் அறிவிப்புதானே என்று விட்டுவிட்டார்கள். கையெழுத்தான பிரதியைப் படித்த பர்ச்சேஸ் மேலாளர்தான் முதலில் பதறினார். ஆறு மாசம் முன்னாடியே எழுத்தில் கொடுத்தால் கஸ்டமருக்கும் தெரிந்துவிடும், சப்ளையருக்கும் தெரிந்துவிடும், கடன் கொடுத்த பேங்குக்கும் தெரிந்துவிடும். "யாருய்யா இதுக்கு ஓகே சொன்னது?" என்று என் சீட்டுக்கே வந்து கேட்டார்.